அன்னன்னைக்கு உள்ளது

ஆட்கள் ஏறி உட்கார்ந்து, படியில் நாலைந்து பேர் தொங்கவும் தொடங்கிய பிறகு, டிரைவர் கீழே இறங்கிப் போய்ப் பின்பக்க ஏணியைப் பிடித்துக்கொண்டு முதுகை வளைத்து நிமிர்ந்துகொண்டிருந்தால் எப்படி இருக்கும்? நான் கண்டக்டராக இருந்த மினி பஸ்ஸில் அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அதைத்தான் செய்தான். ஆறு பத்துக்கு எடுக்க வேண்டிய வண்டி. வடசேரியிலிருந்து பூதப்பாண்டி வழியாக மலையடிவாரம் வரைக்கும் போகும். ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் உள்ளேயிருந்து சத்தம் போடுகிறார்கள். நான் மூன்று தடவை விசில் ஊதிவிட்டேன்.

அவன் திரும்பிப் பார்க்காமலே இரண்டு விரலைக் காட்டினான். ரெண்டு நிமிஷம். பிறகு எவர்சில்வர் பாட்டிலைத் திறந்து, அவசரப்படாமல், மிடறு மிடறாகத் தண்ணீர் குடித்தான். மூடியை இறுக்கினான். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.

“ரேடியேட்டர்ல வெள்ளம் பாத்திட்டுத்தானே வண்டிய எடுக்கோம் அண்ணா. ஓட்டுகவனுக்கும் பாக்கண்டாமா?” என்றான்.

மார்த்தாண்டத்துக்காரன். தண்ணீரை வெள்ளம் என்பான், டீயைச் சாயா என்பான். பேச்சு ஒரு பாட்டுப் போல ஏறி இறங்கும். எனக்கு அப்போது நாற்பத்திமூன்று வயது, அவனுக்கு முப்பத்தைந்து இருக்கும். சவுதியில் சில வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்தவன். வடசேரிப் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்து, மனைவியும் பெண் குழந்தையுமாக இருந்தான். ‘சொகுசுக்காரன், பத்து நாள்கூடத் தாங்கமாட்டான்’ என்று அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன்.

இரண்டரை வருஷம் ஓட்டினான்.

மினி பஸ்ஸில் எஞ்சின் டிரைவரின் காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். சித்திரை வெயிலில் அந்தப் பெட்டி மேல் கை வைக்க முடியாது. இந்த வேலையில் எத்தனையோ பேருடைய பாதம் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அவன் ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் செருப்பைக் கழற்றிக் காலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவான். விரலிடுக்கெல்லாம் துடைப்பான். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, சின்ன டப்பாவிலிருந்து தேங்காயெண்ணெயைத் தொட்டு, குதிகாலில் தடவிக்கொண்டே பாதத்தோடு பேசுவான். “இன்னைக்கும் ஒத்துழைச்சியே, நன்றி கேட்டியா.” மற்ற வண்டிக்காரர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

சாப்பிடும்போது போனை எடுக்கமாட்டான். அதற்கு அவன் சொன்ன காரணம், சோறு கோபித்துக்கொள்ளும் என்பது. வெள்ளரிக்காயோ, அவித்த சிறுபயறோ ஒரு டப்பாவில் எப்போதும் இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அவனைக் கூப்பிட்டால் போனை அவன் மனைவிதான் எடுப்பாள். “ஆளு ஒறங்கியாச்சு அண்ணா” என்று சொல்லி வைத்துவிடுவாள்.

இதெல்லாம் அவன் தன்னைக் கவனித்துக்கொண்டது. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது அவன் நன்றி சொல்கிற பழக்கம்.

பாலத்தில் ஒதுங்கி வழிவிட்ட லாரிக்காரனுக்குக் கையைத் தூக்குவான். அதை எல்லாரும் செய்வார்கள். இவன், ரோட்டோரம் வாழைக்குலை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் குலையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாலும் வண்டியை மெதுவாக்கி, தலையை வெளியே நீட்டி நன்றி சொல்லிவிட்டுத்தான் போவான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கக்கூஸ் கழுவுகிற பெண் ஒருத்தி இருந்தாள். ஐம்பது வயது இருக்கும். அவளிடம் போய், “அக்கா, நல்ல சுத்தமா இருக்கு, நன்றி” என்று முதல் தடவை சொன்னபோது, இவன் கேலி செய்கிறான் என்று நினைத்து அவள் துடைப்பத்தை ஓங்கிவிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஓங்கிய துடைப்பத்துக்குப் பின்வாங்காமல், “உள்ளதாக்கும் சொன்னேன்” என்றான்.

ஒரு மாதம் கழித்து அந்த அக்காவே என்னிடம் வந்து கேட்டாள். “ஒங்க டிரைவரு நெசமாவே அப்பிடியா, இல்ல எதாவது வேண்டுதலா? இங்க நின்னு பத்து வருஷமாச்சு. ஏசினவங்க உண்டு. மூக்கைப் பொத்திக்கிட்டுப் போனவங்க உண்டு. நன்றின்னு இவரு ஒருத்தராக்கும்.”

“பைத்தியம்” என்றேன் நான்.

“இருக்கட்டு. நல்ல பைத்தியம்” என்றாள் அவள்.

கடைசி டிரிப் முடிந்து வண்டியை ஷெட்டில் விட்டதும், ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துச் சற்று நேரம் உட்கார்ந்திருப்பான். பிறகு என்னைக் கேட்பான். “அண்ணா, இன்னைக்கு நடந்த நல்லது ஒண்ணு சொல்லுங்க.”

எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும். காலையிலிருந்து நின்ற கால். “டயர் பஞ்சராகல்ல, போருமா?” என்பேன்.

“போரும். அது பெரிய காரியமாக்கும்” என்று நிஜமாகவே சந்தோஷப்படுவான். பிறகு தன்னுடையதைச் சொல்வான். தாடகை மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. பூதப்பாண்டியில் ஏறிய ஒரு சின்னக் குழந்தை எஞ்சின் சத்தத்திலும் தூங்கியது. இப்படி ஏதாவது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் பூதப்பாண்டிக்கு இந்தப் பக்கம், இரண்டு புறமும் வயல், நடுவில் வண்டி நின்றுவிட்டது. மூன்று மணி நேரம். ஆட்களை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, முதலாளியிடம் போனில் வசவு வாங்கி, நனைந்து, மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்து, ஷெட்டுக்கு வரும்போது என் தலை வெடித்துக்கொண்டிருந்தது. அவன் வழக்கம்போல் கேட்டான்.

“வாய மூடுலே!” என்று கத்திவிட்டேன். “என்ன நல்லது நடந்து கிழிஞ்சிட்டு இன்னைக்கு?”

அவன் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தான். “செரி அண்ணா. இன்னைக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லலாம். அதும் பதிலுதான். பொய்யா ஒண்ணு கண்டுபிடிச்சுச் சொல்லக்கூடாது, அவ்வளவுதான்” என்றான். தன்னுடையதையும் அன்றைக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு அவனிடமும் ஒன்றும் இருந்திருக்காது.

அதற்குப் பிறகு, எனக்கே தெரியாமல், அவன் கேட்கப் போகிறானே என்று பகலில் அங்கங்கே பார்க்க ஆரம்பித்திருந்தேன். சில்லறை இல்லாத ஒருவருக்குப் பக்கத்து சீட்டுக்காரர் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது, கல்லூரிப் பிள்ளைகள் எழுந்து தோட்டத்துப் பெண்களுக்கு இடம் கொடுப்பது, இதெல்லாம் என் வண்டியில் ரொம்ப நாளாகவே நடந்துகொண்டுதான் இருந்திருக்கும். இதை அவனிடம் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் அவன் சொன்னதைக் கேட்கவே இல்லை. கண்டக்டர் தண்ணீர் குடித்தால் இறங்க வேண்டும். இறங்கினால் நேரம் போகும். பதினாறு வருஷமாக, வேலை நேரத்தில் நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி. “அண்ணா, ஒரு மடக்கு” என்று பாட்டிலை நீட்டுவான். “நீ குடி மகராசா” என்று நகர்ந்துவிடுவேன்.

மலையடிவாரத்திலிருந்து திரும்பி வருகிற ஒரு காலை டிரிப். இறச்சகுளம் தாண்டியிருக்கும். இடுப்பின் ஒரு பக்கத்தில் யாரோ கம்பியைச் சொருகித் திருகியதுபோல் இருந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த திருகலில் வாந்தி. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

வண்டி நின்றது. அவன் எழுந்து உள்ளே திரும்பி நின்று பேசியது எனக்குத் தூரத்தில் கேட்பதுபோல் கேட்டது. “எனக்க கண்டக்டருக்கு முடியல்ல. எங்கயும் நிறுத்தாம நேரா ஆஸ்பத்திரிக்குப் போறேன். எறங்க வேண்டியவங்க தயவுசெய்து இங்கயே எறங்கிக்கிடுங்க.”

ஒரே ஒருவர் இறங்கினார். அவருக்கு அன்றைக்கு கோர்ட்டில் வாய்தா. மற்ற யாரும் அசையவில்லை. அன்றைக்கு வேலை இல்லையென்று திரும்பிக்கொண்டிருந்த தோட்டத்துப் பெண்களில் ஒருத்தி தன் சேலை முந்தானையால் என் வாயைத் துடைத்தாள். ஒரு கல்லூரிப் பிள்ளை என் பணப்பையைத் தன் மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். முப்பது பேரோடு மினி பஸ் ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழைந்தது. காவலாளி ஓடி வந்து தடுத்திருக்கிறார். உள்ளே படுத்திருந்த என்னைப் பார்த்ததும் அவரே கேட்டைத் திறந்துவிட்டாராம்.

மூத்திரக்கல். “ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?” என்று டாக்டர் கேட்டார். ராத்திரி வீட்டுக்குப் போய் ஒரு செம்பு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் அவன் வந்தான். பழம், ஹார்லிக்ஸ் ஒன்றும் இல்லை. ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று கொண்டு வந்திருந்தான். வெளிப்பக்கம், மருந்து பாட்டிலில் போட்டிருப்பதுபோல, சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் நேரே வண்டி நிற்கிற ஊர்ப் பெயரை எழுதியிருந்தான். அந்தந்த ஊர் வரும்போது அந்தந்தக் கோடு வரை குடிக்க வேண்டுமாம். வலியோடு சிரித்தேன்.

“நீ எதுக்குலே இப்பிடி ஆன?” என்று கேட்டேன். அதுவரை அதைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னான். “சவுதியில வெள்ள லாரியாக்கும் அண்ணா ஓட்டினது. பின்னால ஒரு டாங்கி நெறைய வெள்ளம். நான் குடிக்கமாட்டேன். எறங்கினா நேரம் போவும்லா. ஒரு நாள் வெயில்ல வண்டிக்குள்ளயே விழுந்திட்டேன். கிட்னி நின்னு போச்சு. இருபத்திமூணு நாள் ஆஸ்பத்திரி. கைய ஒயர்த்த முடியாது. அடுத்த கட்டில்ல ஒரு ஆளு. வங்காளத்துக்காரன்னு நெனைக்கேன். அவனுக்க ஒரு கையில மருந்து ஏறிக்கிட்டு இருக்கும். மத்தக் கையால எனக்க வாயில கப்ப வைப்பான். நர்ஸ் வரட்டும்னு இருக்கமாட்டான். ஒரு மிடறு இறங்கினா சிரிப்பான். அவன் பாஷை எனக்குத் தெரியாது, எனக்க பாஷை அவனுக்குத் தெரியாது.”

“பொறவு?”

“கொஞ்சம் தெம்பு வந்தது. அவனுக்க பாஷையில நன்றிக்கு என்ன வார்த்தைன்னு அது தெரிஞ்ச, ஆஸ்பத்திரி தூத்துப் பெருக்குக ஒரு தூப்புக்காரன்கிட்ட கேட்டுப் படிச்சு வச்சேன். காலம்பற சொல்லலாம்னு படுத்தேன். காலம்பற முழிச்சா, அந்தக் கட்டில்ல வேற ஆளு.”

“செத்திட்டானா?”

“தெரியாது. வீட்டுக்கும் விட்டிருக்கலாம். கேட்டேன். யாரும் சொல்லல்ல. பேருகூடத் தெரியாது அண்ணா.” பாட்டிலின் மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினான். “அன்னையிலேருந்து நான் எதையும் நாளைக்குன்னு வைக்கிறதில்ல. வெள்ளமானாலும் செரி, நன்றியானாலும் செரி. அன்னன்னைக்கு உள்ளது அன்னன்னைக்கு.”

நான் தண்ணீரைக் குடித்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து சேர்த்ததற்கு அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவ்வளவையும் கேட்டுவிட்டும் சொல்லவில்லை. கூட வேலை பார்க்கிறவனிடம் இதையெல்லாம் சொல்வார்களா என்று நினைத்திருப்பேன்.

நான் வேலைக்குத் திரும்பிய வாரம் முதலாளி இரண்டு பேரையும் ஷெட்டுக்குக் கூப்பிட்டார். மோசமான மனிதர் இல்லை. எங்கள் ரூட்டில் இன்னொரு மினி பஸ் வந்துவிட்டது, அவருக்கு அந்தப் பதற்றம். இனிமேல் எட்டு டிரிப்பைப் பத்தாக்க வேண்டும், இரண்டு முனையிலும் போன உடனே திருப்பிக்கொண்டு வர வேண்டும் என்றார்.

“ஒரு டிரிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பத்து நிமிஷம் வேணும் முதலாளி” என்றான் அவன். “இல்லேன்னா என்னால ஓட்ட முடியாது.”

“எதுக்குடே பத்து நிமிஷம்? காலு கழுவவா?”

“ஆமா. ஒண்ணுக்குப் போவணும், வெள்ளம் குடிக்கணும், காலு கழுவணும். முப்பது உயிர் பின்னால இருக்கு.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. பதினாறு வருஷமா நிக்க. ஒனக்கு வேணுமா பத்து நிமிஷம்?”

இடுப்பில் வலி முழுக்கப் போகவில்லை. சிவப்புக் கோடு போட்ட பாட்டில் என் பையில்தான் இருந்தது. என் மூத்த மகளை நர்சிங்கில் சேர்க்க வேண்டிய வருஷம் அது. அவன் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“எனக்கு ஒண்ணுமில்ல முதலாளி” என்றேன்.

அந்த மாதக் கடைசியோடு அவனை நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்த பன்னிரண்டு நாளும் வழக்கம்போல வந்தான். வழக்கம்போல முதுகை வளைத்தான், கால் கழுவினான், லாரிக்காரர்களுக்குக் கை காட்டினான். நான்தான் அவன் முகத்தைப் பார்க்காமல் பின்படியிலேயே நின்றுகொண்டேன். கடைசி நாள் ஷெட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, என் எதிரே வந்து நின்றான்.

“அண்ணா, நீங்க பயந்திட்டீங்க. பிள்ளைகள் இருக்கு, பயப்படுகது தப்பில்ல. ஆனா எனக்கு நல்ல வெஷமம் உண்டு, மனசு நொந்துபோச்சு. ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருக்கலாம். இத ஒங்ககிட்டச் சொல்லாம போனா எனக்குள்ள கெடந்து அழுகும். அதாக்கும் சொல்லுகேன்.”

குரலில் சூடு இருந்தது. கண்ணும் கலங்கியிருந்தது. சொல்லி முடித்ததும் நீளமாக ஒரு மூச்சு விட்டான். என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனான். யாராவது நமக்குக் கெடுதல் செய்தால் மனதுக்குள் வைத்துக்கொண்டு பத்து வருஷம் பேசாமல் இருப்போம், இல்லை முதுகுக்குப் பின்னால் பேசுவோம். இப்படி முகத்துக்கு நேரே சொல்லி இறக்கி வைத்துவிட்டுப் போன ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்து வந்த டிரைவருக்கு ஐம்பத்தைந்து வயது. சர்க்கரை உண்டு. வாய் திறக்கமாட்டார். பத்து டிரிப்பும் ஓடியது. நாலாவது மாதம் ஒரு நாள், வடசேரியில் ஆள் ஏறிக்கொண்டிருக்கும்போது பார்த்தேன். மனிதர் சீட்டில் காலை இறுக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து உட்கார்ந்திருக்கிறார். நான் விசில் ஊதுவதற்காகக் காத்திருக்கிறார்.

விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டேன். “போயிட்டு வாங்க அண்ணாச்சி. வெள்ளமும் குடிச்சிட்டு வாங்க. நான் நிக்கேன்” என்றேன். வெள்ளம் என்று நானா சொன்னேன் என்று பிறகுதான் உறைத்தது.

அவர் பயந்து பயந்து இறங்கிப் போனார். ஆட்கள் சத்தம் போட்டார்கள். வண்டி எடுக்கவில்லை என்று யாரோ சொல்லி முதலாளி போனில் வந்தார். “பத்து நிமிஷம் ஆவும் முதலாளி. இனி எல்லா டிரிப்புக்கும் ஆவும். எனக்கும் வேணும். அன்னைக்கே சொல்லியிருக்கணும்” என்றேன். அவர் என்னவெல்லாமோ சொன்னார். நிறுத்திவிடுவேன் என்றார். நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். தோட்டத்துப் பெண்களில் ஒருத்தி, அன்றைக்கு என் வாயைத் துடைத்தவள், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “ரெண்டு பேரும் வாயில்லாமத்தான் நின்னீங்க இத்தன நாளும். பையப் பைய வாங்க, நாங்க எங்கயும் போகல்ல” என்றாள்.

முதலாளி நிறுத்தவில்லை. பழகிய கண்டக்டர் கிடைப்பது கஷ்டம். இரண்டு வாரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, டிரிப்பை எட்டாகக் குறைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவன் குடும்பத்தோடு திரும்பிப் போயிருந்த மார்த்தாண்டத்துக்குப் போனேன். சந்தைக்குப் பின்னால், விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் ஆட்டோ நின்றது. சொந்த வண்டியாம். அவன் மகளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், “அண்ணா!” என்று நெயில்கட்டரோடு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். மனைவி சாயா போட உள்ளே போனாள்.

நடந்ததைச் சொன்னேன். கேட்டுச் சந்தோஷத்தில் துள்ளினான். “அன்னைக்கு நான் பேசாம நின்னதுக்கு மன்னிக்கணும் மக்கா” என்றேன்.

“அது நான் அன்னைக்கே சொல்லித் தீந்துட்டு அண்ணா. இப்ப இல்ல எனக்கிட்ட” என்றான், மிகச் சாதாரணமாக.

“இன்னொண்ணும் இருக்கு.” “அன்னைக்கு முப்பது பேரோட வண்டிய ஆஸ்பத்திரிக்குத் திருப்பினியே. பாட்டில்ல கோடு போட்டுக் கொண்டு வந்தியே. நான் ஒரு வார்த்தை சொல்லல்ல. நன்றி மக்கா.”

அவன் முகம் மாறியது. கையிலிருந்த நெயில்கட்டரை மூடினான், திறந்தான், மூடினான். தரையைப் பார்த்தான். விறுவிறு என்று உள்ளே போய்விட்டான். பின்னால் தண்ணீர் கோரி முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. தப்பாக ஏதாவது சொல்லிவிட்டேனா?

சாயாவோடு வந்த அவன் மனைவி சிரித்தாள். “ஊருக்கெல்லாம் நன்றி சொல்லிக்கிட்டுத் திரியும். திருப்பி ஒரு ஆளு சொன்னா தாங்காது இந்த மனுஷனுக்கு. நான் சொன்னாலும் இப்பிடித்தான். எந்திரிச்சு ஓடியிரும்.”

வெகுநேரம் கழித்து வந்தான். அதற்குப் பிறகு மழையைப் பற்றியும் ரோட்டைப் பற்றியும் பேசினோம். பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகச் சொல்லி ஆட்டோவை எடுத்தான். மேம்பாலத்துக்கு அடியில் நாகர்கோவில் பஸ் நின்றது. நான் ஓடி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன்.

ஆட்டோ நான் இறங்கிய இடத்திலேயே, நடுரோட்டில் நின்றது. பின்னால் காரும் பைக்கும் லாரியும் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவன் ஹேண்டிலைப் பிடித்துக் குனிந்து உட்கார்ந்து, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். போலீஸ்காரர் வந்து ஆட்டோக் கூரையில் தட்டிய பிறகுதான் வண்டி நகர்ந்தது.